நாற்பத்தெட்டு நாள்

வக்கீல் அஞ்சரைக்கு வந்துருவாருன்னு குமாஸ்தா சொன்னாரா? அப்ப ஆறரைன்னு வெச்சுக்குங்கம்மா. ஆறு வருஷமா இந்த பெஞ்சுல உக்காந்து எந்திரிக்கிறேன், எனக்குத் தெரியாதா. இப்படித் தள்ளி உக்காருங்க. அந்த ஃபேன் சத்தம் மட்டுந்தான் போடும், காத்து இந்தப் பக்கம்.

உங்களுக்கு என்ன கேஸு? பாகப் பிரிவினையா. சரிதான். அது சிவில். ஜெயிலு கியிலுன்னு பயம் இல்லை.

எனக்கு கிரிமினல். பார்த்தா தெரியலைல்ல? பி.டி. வாத்தியாரும்மா நான். ஞானப்பிரகாசம்னு பேரு. அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில முப்பத்தொரு வருஷம் சர்வீஸு. ஒரு மெமோ வாங்குனதில்லை. குற்றப்பத்திரிகையில என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? அரசு அலுவலர் முத்திரையைப் போலியாச் செஞ்சது ஒண்ணு. அதை வெச்சிருந்தது ஒண்ணு. அதைக் குத்திப் போலி ஆவணம் உண்டாக்கினது ஒண்ணு. நான் பண்ணினது ஒரு வேலைம்மா, அவங்க அதை மூணாப் பிரிச்சுட்டாங்க. ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாமாம். நான் என்ன நோட்டா அடிச்சேன்? ஒரு பிள்ளை விளையாடணும்னு ஒரு சீல் குத்தினேன்.

நாளைக்கு அந்தப் பிள்ளைதான் சாட்சி சொல்லக் கூண்டுல ஏறுது. அதான் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு.

நாகஜோதின்னு பேரு. அப்பா காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரு. ஒன்பதாவதுல எங்க ஸ்கூல்ல வந்து சேர்ந்தா. ஒருநாள் சத்துணவுக்கூடத்துக்குத் தண்ணி டிரம்மை உருட்டிட்டுப் போகச் சொன்னா, இவ ரெண்டு கையாலயும் அணைச்சுத் தூக்கிட்டுப் போறா. ரொம்பி இருந்த டிரம்மு. நான் அப்படியே நின்னுட்டேன். மறுநாள் காலையில கிரவுண்டுக்கு வரச் சொல்லி, மூணு கிலோ இரும்புக் குண்டைக் கையில கொடுத்தேன். வாங்கிப் பார்த்துட்டு, "இம்புட்டுத்தானா சார்?"னு கேட்டா.

அன்னையிலருந்து ரெண்டு வருஷம். காலையில ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி வந்து நிப்பா. கால் வைக்கிறது, இடுப்பைத் திருப்புறது, தோளை எப்ப விடுறதுன்னு ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ரெண்டும் பையங்க. சொந்தப் பொண்ணு இருந்தாக்கூட அப்படிப் பண்ணியிருப்பேனான்னு தெரியலை.

மாநில அளவுல பள்ளிக்கூடங்களுக்கு ஒரு தடகளப் போட்டி நடக்கும், திருச்சியில. ஸ்கூலே நேரடியாப் பேரு கொடுக்கலாம். பதினேழு வயசுக்கு உட்பட்ட பிரிவுல முதல் வருஷம் கூட்டிட்டுப் போனேன். மூணு எறியும் ஃபவுலு. எறிஞ்ச வேகத்துல முன்னாடி இருக்குற கட்டையை மிதிச்சுட்டா. திரும்பி வரும்போது பஸ்ல அழுகவே இல்லை. நான்தான்... சரி அதை விடுங்க. முப்பத்தொரு வருஷத்துல எங்க ஸ்கூலுக்கு மாநிலத் தங்கம்னு ஒண்ணு வந்ததே இல்லைம்மா. ஹெச்.எம். ரூமுல கப்பு வைக்கிற அலமாரியில பாதிக்குச் சாக்பீஸ் டப்பா வெச்சிருப்பாங்க.

அடுத்த வருஷம் அவ பதினொண்ணாவது. கணக்குப் பார்த்தா வயசு இடிக்குது. ஜனவரி ஒண்ணு, இல்லைன்னா அதுக்கப்பறம் பொறந்திருந்தா பதினேழுல ஆடலாம். இவ முந்தின வருஷம் நவம்பர் பதினாலு. நாற்பத்தெட்டு நாளும்மா! நாற்பத்தெட்டு நாளுல ஒரு பிள்ளைக்கு என்ன கை கால் நீண்டுரவா போகுது?

பத்தொன்பது வயசுப் பிரிவு இருக்குதான். யாரு இல்லைன்னா? ஆனா அங்க குண்டு நாலு கிலோ. அங்க வர்றதெல்லாம் விளையாட்டு விடுதியில முட்டையும் பாலுமா வளர்ந்த பிள்ளைங்க. முந்தின வருஷம் அங்க முதல் மூணு இடத்துக்கு வந்த மூணும் திரும்ப வரும். இவ போனா நாலாவது. நான் அப்பவே போட்ட கணக்கு அது. ஒரு வருஷம் பொறுத்தா அந்த மூணும் வயசு தாண்டிப் போயிரும், இவதான் ராணி. ஆனா ஒரு வருஷம் பொறுக்க முடியாதே. அந்த மே மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட்.

படிவத்தை எடுத்துக்கிட்டு ஹெச்.எம். கிட்டப் போனேன். தமயந்தி மேடம். தமிழ் எம்.ஏ. நல்ல மனுஷிதான், ஆனா எழுத்துல கொம்பு காலு விட்டுப்போனா கூப்பிட்டு வெச்சுத் திருத்துற ஆளு. சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டாரச் சொல்லி விரலை வெச்சாங்க.

"ஞானப்பிரகாசம் சார், இது நவம்பர் பதினாலு."

"தெரியும் மேடம். நாற்பத்தெட்டு நாள்தான் கூட இருக்கு. ஜனவரின்னு போட்டுட்டா..."

"போட்டுட்டா? நாற்பத்தெட்டு நாள் கழிச்சுப் பொறந்த பிள்ளை ஒண்ணு அங்க வந்து நிக்கும்ல சார்? அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

இல்லாத பிள்ளைக்குப் பதில் சொல்றாங்க. இருக்குற பிள்ளைக்குச் சொல்ல மாட்டாங்க. "பத்தொன்பதுல எழுதிட்டு வாங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்"னாங்க. நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். அன்னைக்கு வரைக்கும் மேசை மேல இங்க் பேடோட கிடந்த சீலை எடுத்து, என் கண்ணு முன்னாடியே பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க. முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் முன்னாடி. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

என்னது? அந்தப் பிள்ளை கேட்டுச்சாவா? சின்னப் பிள்ளைம்மா, அது என்னத்தக் கேட்கும்.

தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல ஹபீப் பாய் சீல் கடை. சின்னப் பெட்டிக்கடை மாதிரிதான் இருக்கும். பழைய போனஃபைடு சர்டிஃபிகேட் ஒண்ணுல இருந்த சீலைக் காட்டி, இதே மாதிரி ஒண்ணு வேணும்னேன். கண்ணாடியைத் தூக்கி நெத்தியில விட்டுக்கிட்டுப் பார்த்தாரு.

"சார், இது கவர்மென்ட் சீல். ஹெச்.எம். லெட்டர் வேணுமே."

"லெட்டர் நாளைக்குக் கொடுத்துர்றேன் பாய். பழசு தேஞ்சு போச்சு. அவசரம்."

"லெட்டர் இல்லாமப் பண்ணினா என்னைப் பிடிப்பாங்க சார்."

"உங்க மகள் எங்க ஸ்கூல்லதான எட்டாவது படிக்குது? நான் யாருன்னு அதைக் கேளுங்க"ன்னேன். அம்புட்டுத்தான். மிரட்டவெல்லாம் இல்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கச் சொன்னாரு. அந்த லெட்டரை நான் கொடுக்கவே இல்லை, அது என் தப்புதான், ஒத்துக்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் ரூம் கதவைச் சாத்திட்டு, அவங்க கையெழுத்தை ரஃப் நோட்டுல ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். படிவத்துல பிறந்த தேதி ஜனவரி பதினாலுன்னு எழுதினேன். கையெழுத்தைப் போட்டேன். சீலை மையில ஒத்தி எடுத்துப் படிவத்து மேல வெச்சேன். அமுக்கி எடுத்துட்டு நிமிர்றேன், வாசல்ல நாகஜோதி நிக்கிறா. குண்டைத் திருப்பி வைக்க வந்திருக்கா. எம்புட்டு நேரமா நிக்கிறாளோ.

"உள்ள வா. உன் படிவந்தான். யாராவது கேட்டா ஜனவரி பதினாலுன்னு சொல்லணும், என்ன?"

"நான் குழந்தைகள் தினத்துல பொறந்தவ சார். ஸ்கூலுக்கே தெரியும்."

அது உண்மைதான். வருஷா வருஷம் அன்னைக்கு பிரேயர்ல அவளுக்குத் தனியா மிட்டாய் கொடுப்பாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, "இப்பப் பொங்கலன்னைக்குப் பொறந்திருக்கே. ஊரே கொண்டாடுது, போ"ன்னேன். அவ சிரிக்கலை. குண்டை மூலையில வெச்சா. போகலை. நின்னா.

"சார், நான் நாலு கிலோவே எறியுறேனே."

"நாலு கிலோவுல ஜெயிக்க மாட்டே."

"பரவாயில்லை சார்."

"உனக்குப் பரவாயில்லை"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை. வாயில வந்துருச்சு.

திருச்சியில கிரவுண்டுக்குள்ள நுழையற இடத்துல மேசை போட்டு ஒருத்தர் படிவம் பார்த்தாரு. அந்த ஆளு சீல் மேல ஒரு தடவை விரலை ஓட்டினாரு. அவ்வளவுதான், தள்ளிவிட்டாரு. முதல் எறி ஃபவுலு. ரெண்டாவது எறி பத்தரை மீட்டருகூடப் போகலை. மூணாவதுக்கு வட்டத்துக்குள்ள போயி நின்னவ, குண்டைக் கழுத்துல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னா. அப்பறம் விட்டா பாருங்க. பன்னிரண்டு மீட்டர் எழுபத்தொண்ணு! நான் வேலியைத் தாண்டிக் குதிச்சுட்டேன், அம்பத்தேழு வயசுல. அந்த ஒரு நிமிஷம் போதும்மா. அதை யாரும் என்கிட்ட இருந்து பறிக்க முடியாது.

ரெண்டாவது வந்த பிள்ளையோட கோச்சு ஆட்சேபணை கொடுத்தான். தோத்தா எல்லாவனும் கொடுக்குறதுதான். மேசைக்கு ரெண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டாங்க. அந்தப் பிள்ளை ராமநாதபுரம் பக்கம், ஒல்லியா, காலுல பெரிய செருப்பு ஒண்ணைப் போட்டுக்கிட்டு. அதிகாரி அதைக் கேட்டாரு, எப்பம்மா பொறந்தேன்னு. "ஜனவரி மூணு சார்"னுச்சு. அழுத முகம். அப்பறம் இவ பக்கம் திரும்பி, "உனக்கும்மா?"னாரு.

நான் பின்னாடி நிக்கிறேன். இவ என்னைப் பார்ப்பான்னு நினைச்சேன். பார்த்திருந்தா கண்ணாலயாவது சொல்லியிருப்பேன். இவ அந்தப் பிள்ளையைப் பார்க்குறா. அதோட செருப்பைப் பார்க்குறா. அப்பறம், "நவம்பர் பதினாலு சார்"னா. வருஷத்தையும் சேர்த்துச் சொன்னா.

ஏன்? இன்னை வரைக்கும் எனக்குப் புரியலைம்மா. நான் எம்புட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தேன்!

அப்பக்கூட நான் சமாளிச்சேன். பயத்துல உளறுது, படிவத்துல ஹெச்.எம். சீல் இருக்கு பாருங்கன்னேன். அவங்க போன் போட்டாங்க. மறுநாள் தமயந்தி மேடம் பதிவேட்டையும் அசல் சீலையும் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. வெள்ளைத் தாள்ல ஒண்ணு குத்தி என் படிவத்துக்குப் பக்கத்துல வெச்சாங்க. எல்லாரும் குனிஞ்சு பார்க்குறாங்க, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை. மேடம் மட்டும் சொல்றாங்க, "இது என் சீல் இல்லை. இதுல பிழை இல்லை."

பிழை இல்லையாம்! என்னன்னா, எங்க ஸ்கூல் அசல் சீல்ல மேல்நிலைக்கும் பள்ளிக்கும் நடுவுல வர வேண்டிய 'ப்' கிடையாது. வந்த நாளுல இருந்து அப்படித்தான். மேடம் மாத்திக் கொடுங்கன்னு மேல ரெண்டு தடவை எழுதிப் பார்த்திருக்காங்க, பதில் வரலை. ஹபீப் பாய் தொழில்காரரு இல்லையா, பார்த்ததும் தானே திருத்திச் சரியா வெட்டிட்டாரு. கவர்மென்ட்டு செஞ்சது தப்பா இருக்கு, போலி சரியா இருக்கு. சிரிக்கிறீங்க. எங்க வக்கீலும் முதல்நாள் சிரிச்சாரு. அப்பறம் சொன்னாரு, "சார், எழுத்து சரியா தப்பான்னு கோர்ட்டு பார்க்காது. அதைச் செய்யுற அதிகாரம் யாருக்குன்னுதான் பார்க்கும். அந்தக் கட்டை உங்க டிராயர்ல கிடைச்சதே, அதுவே போதும் அவங்களுக்கு."

டிராயர்ல ஏன் வெச்சிருந்தேன்னு கேட்டா என்ன சொல்றது. தூக்கி எறிய மனசு வரலை.

மே மாசம் முப்பத்தொண்ணாம் தேதி ரிட்டயர் ஆகவும் விடலை. மாலை போட வேண்டிய அன்னைக்கு, விசாரணை முடியுற வரைக்கும் சஸ்பென்ஷன்லயே இருன்னு ஆர்டரு. நாகஜோதிக்கு நாலு வருஷம் எந்தப் போட்டிக்கும் போகக் கூடாதுன்னு தடை. மெடலைக் கழுத்துல போடவே இல்லை. இப்ப நூல் மில்லுல வேலை பார்க்குது. நல்ல வேலைதான், பஸ்ஸே வீட்டு வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போகுது.

பாயா? கேஸுல முதல் எதிரி நான், அவரு ரெண்டாவது எதிரி. கடையை அப்பவே பூட்டியாச்சு. மகளை வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாருன்னு கேள்விப்பட்டேன். அவரு தனியா வக்கீல் வெச்சிருக்காரும்மா. அவரைப் பத்தி... நான் என்ன சொல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம வக்கீல் ஒரு வழி சொன்னாரு. பிள்ளையும் அதோட அப்பாவும் சேர்ந்து படிவத்தை எங்கேயோ தயார் பண்ணிக் கொண்டாந்தாங்க, வாத்தியார் நம்பி ஏமாந்துட்டாரு, பாய் அவங்க சொல்லித்தான் கட்டையைச் செஞ்சாரு. இப்படி நாளைக்கு நாகஜோதியைக் குறுக்கு விசாரணை பண்றது. இந்தா பாருங்க, பதினாலு கேள்வி டைப் அடிச்சே கொடுத்துட்டாரு. "டிராயர்ல இருந்ததுக்கு அவளே கொண்டாந்து வெச்சான்னு ஒரு கேள்வி போட்டிருக்கேன். பொண்ணு கொஞ்சம் தடுமாறினாப் போதும் சார், சந்தேகத்தோட பலன் உங்களுக்கு"ன்னாரு.

எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. அவளுக்கு என்ன ஆகப்போகுது, அப்ப மைனர்தானே. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோம்னு நேத்து மத்தியானம் மில்லுக்குப் போனேன். ஷிஃப்ட் விடுற நேரம். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு வர்றா. என்னைப் பார்த்ததும் நின்னா. ஆறு வருஷம் கழிச்சுப் பார்க்குறேன், தோளு அப்படியே இருக்கு.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேம்மா. நாளான்னைக்குக் கோர்ட்டுக்கு வரணுமில்ல..."

"சம்மன் வந்துச்சு சார். லீவு சொல்லிட்டேன்."

வக்கீல் சொன்னதைச் சுத்தி வளைச்சுச் சொன்னேன். உன் அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, நீ தெரியலைன்னு சொன்னாப் போதும், ஞாபகம் இல்லைன்னு சொன்னாக்கூடப் போதும்னு. அவ முகத்துல கோவமே இல்லைம்மா. கோவப்பட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சார். நீங்க அமுக்கினது, நான் நின்னது எல்லாம். கேட்டா அதைத்தான் சொல்லுவேன்."

மில் பஸ்ஸு ஹார்ன் அடிச்சான். அவ ரெண்டு எட்டு போயிட்டுத் திரும்பி வந்தா. "சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என்னைப் பத்தொன்பதுல விட்டிருந்தீங்கன்னா நான் எத்தனாவது வந்திருப்பேன்?"

"நாலாவதும்மா. அதான் அன்னைக்கே..."

"நாலாவது போதும் சார் எனக்கு. அடுத்த வருஷமும் எறிஞ்சிருப்பேன்ல."

பஸ்ஸுல ஏறிப் போயிட்டா.

நாலாவதுக்கு யாரு பேப்பர்ல பேரு போடுறான்? நாலாவதை எந்த அலமாரியில வைக்கிறது? அப்படித்தான் நினைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். வந்து, கேஸுக்கட்டை எடுத்தேன். போலீஸ் கொடுத்த நகல் இருக்குல்ல, நூத்துச் சொச்சம் பக்கம். அதுல அந்தப் போட்டியோட முடிவுத் தாள் எல்லாத்தையும் வெச்சிருக்காங்க. எங்க பிரிவு இருக்குற பக்கத்தை ஆயிரம் தடவை படிச்சிருப்பேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினதே இல்லை. நேத்துத்தான் திருப்பினேன். பத்தொன்பது வயசு, பெண்கள், நாலு கிலோ. முதல்ல பதினொண்ணு அறுபத்திரெண்டு. ரெண்டாவது பதினொண்ணு இருபது. மூணாவது பத்து எழுபத்தொண்ணு.

நான் பயந்த அந்த விடுதிப் பிள்ளைங்க மூணுல ஒண்ணு அந்த வருஷம் வரவே இல்லைம்மா.

போட்டிக்கு முந்தின வாரம் நாகஜோதி விளையாட்டா நாலு கிலோவை எடுத்து எறிஞ்சா. நான்தான் டேப்பு பிடிச்சேன். பத்து தொண்ணூறு. என் நோட்டுல என் கையெழுத்துலயே இருக்கு. அப்ப அவ மூணாவது. வெண்கலம். சொந்தப் பிறந்த நாளோட, அசல் சீலோட, மேடையில ஏறி நின்னிருப்பா.

ஆறு வருஷம் அந்தத் தாளு என் பீரோவுக்குள்ளதான் இருந்திருக்கு. நான் நேத்து மத்தியானம் அவ முகத்துக்கு நேரா நாலாவதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

ராத்திரி சாப்பிடப் பிடிக்கலை. இந்தப் பதினாலு கேள்வியையும் படிச்சுப் பார்த்தேன். ஒம்பதாவது கேள்வி, "பரிசு ஆசையில் நீயே தேதியை மாற்றினாய் என்றால் சரிதானே?" சரிதானேன்னு கேக்கணுமாம், அவளை. குண்டை மூலையில வெச்சுட்டு, "சார், நான் நாலு கிலோவே எறியுறேனே"ன்னு நின்னவளை.

நாளைக்கு ஒரு கேள்வியும் கேக்க வேண்டாம்னு வக்கீல்கிட்டச் சொல்லலாம்னு இருக்கேன். பாய் லெட்டர் கேட்டாரு, நான்தான் கொடுக்கலைன்னும் சொல்லணும். அதை இப்பத்தான், நீங்க அவரைக் கேட்டப்பத்தான் நினைச்சேன். கேஸு போயிரும்பாரு. நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ, எனக்கு இப்ப அறுபத்து மூணு...

கேட்டுச்சா? அது அவரு கார்தான். படியேறி வர்றாரு. அம்மா, டோக்கன் உங்களுக்குத்தான் முதல்ல, தெரியும். ஆனா நான் ஒரு எட்டு உள்ள போயிட்டு வந்துரட்டுமா? தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இங்கயே உக்காந்தேன்னா எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடிச்சிருவேன்.